பாடம் ஒரு நாள், பயிற்சி ஆறு நாள்

ஓதக் கற்கும் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள் பாடம் இருக்கிறது. மற்ற ஆறு நாளும் பாடம் இல்லை. அந்த ஆறு நாளில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே ஓதல் நிலைப்பதும் கைவிட்டுப் போவதும். ஆனால் எங்கள் வீடுகளில் பாடத்துக்குக் கிடைக்கும் மரியாதை பயிற்சிக்குக் கிடைப்பதில்லை. வகுப்புக்குப் போகாவிட்டால் உம்மா ஏன் என்று கேட்பார், வாப்பா ஏசுவார். வீட்டில் ஓதிப் பார்க்காவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இதைப் பற்றித்தான் என் தோழியருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

நான் உயர்தரம் படிக்கிறேன். மூன்று பாடத்துக்கும் ரியூஷன் உண்டு. சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் முஅல்லிமாவிடம் தஜ்வீத் படிக்கிறோம். எங்கள் வகுப்பில் 14 பேர். 60 நிமிடத்தை 14 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 4 நிமிடமும் சில விநாடிகளும் கிடைக்கும். அந்த நேரத்தில் முஅல்லிமாவால் எங்கே பிழை, எப்படிச் சரி என்று காட்ட முடியும். அந்தச் சரியை எங்கள் நாவில் இருத்தித் தர அவரால் முடியாது. அது நாங்கள் வீட்டில் செய்ய வேண்டிய வேலை.

ஏன் இவ்வளவு பயிற்சி தேவைப்படுகிறது என்று சிலர் கேட்கலாம். தமிழ் பேசும் எங்களுக்கு அதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. "அல்ஹம்து லில்லாஹ்" என்று எழுதும்போது 'ஹ' இரண்டு இடத்தில் வருகிறது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. அரபியில் அவை வெவ்வேறு எழுத்துகள். முதலாவது தொண்டையின் நடுவிலிருந்து பிறப்பது. கடைசியில் வருவது தொண்டையின் அடியிலிருந்து பிறப்பது. "ரமழான்" என்று எழுதும்போது ஓர் அரபு ஒலிக்காக எங்கள் ழகரத்தைக் கடன் கொடுக்கிறோம். "ளுஹர்" என்று எழுதும்போது இன்னோர் ஒலிக்காக ளகரத்தைக் கொடுக்கிறோம். எழுத்தில் இது போதும். ஓதலில் போதாது. ரமழானில் உள்ள அந்த ஒலி, நாவின் பக்கம் மேல் கடைவாய்ப் பற்களில் சேரும்போது பிறக்கிறது. ளுஹரில் உள்ளது, நாவின் நுனி மேல் முன்பற்களின் ஓரத்தைத் தொடும்போது பிறக்கிறது. எங்கள் தாய்மொழியில் இந்த அசைவுகள் இல்லை. பிறந்த நாளிலிருந்து பழகிய நாவை வேறு வழியில் பழக்க வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டுத் தமிழ் மாணவியர் பயப்படத் தேவையில்லை. எழுத்துகள் எங்கே பிறக்கின்றன என்று ஆராய்வது எங்களுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. நெஞ்சு, மிடறு, தலை, நா, பல், இதழ், மூக்கு, அண்ணம் ஆகிய எட்டையும் வைத்து அது எழுத்தின் பிறப்பை விளக்குகிறது. தஜ்வீத் வகுப்பில் 'மக்ரஜ்' என்று நாங்கள் படிப்பதும் எழுத்துப் பிறக்கும் இடத்தைத்தான். அதுபோலவே மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று என்று தமிழ்ப் பாடத்தில் படித்தோம். ஓதலில் நீட்டும் அளவை 'ஹரகத்' என்று எண்ணுகிறோம். சாதாரண நீட்டம் இரண்டு. ஸூரா ஃபாதிஹாவின் கடைசிச் சொல்லில் வரும் நீட்டம் ஆறு. தமிழில் கைநொடிப் பொழுதைக் கொண்டு மாத்திரையை அளந்தார்கள். எங்கள் முஅல்லிமா விரலை மடக்கி விரித்து ஹரகத்தை அளக்கிறார்.

இவற்றை விளங்கிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். பழகத்தான் காலம் எடுக்கும். விளக்கமும் பழக்கமும் வேறு வேறு என்பதை மனதில் வைத்தால் வீட்டுப் பயிற்சியை எப்படி அமைப்பது என்பது தெளிவாகிவிடும்.

முதல் விடயம், பாடம் முடிந்த அதே நாளில் ஒரு தடவை ஓதிப் பார்ப்பது. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அடுத்த வெள்ளிக்கிழமை இரவுவரை குர்ஆனை மூடி வைத்துவிட்டு, அன்றிரவு மட்டும் ஒரு மணி நேரம் விடாமல் ஓதும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் பிள்ளை களைக்கிறாளே தவிர, பாடம் தங்குவதில்லை. ஹேர்மன் எபிங்கவுஸ் என்ற ஜேர்மனிய அறிஞர் 1885 இல் மனனத்தைப் பற்றிய தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். பொருளற்ற அசைகளை வரிசையாக எழுதி, தாமே மனனம் செய்து, எத்தனை தடவை சொன்னால் எவ்வளவு தங்குகிறது என்று கணக்கெடுத்தார். 12 அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை சொன்னதும், மூன்று நாளுக்குப் பிரித்து 38 தடவை சொன்னதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன என்று அவர் கண்டார். பிரித்துச் செய்தால் உழைப்பு கிட்டத்தட்டப் பாதியாகிறது.

வன்னியில் வயல் செய்யும் குடும்பங்களுக்கு இதை எபிங்கவுஸ் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பாவற்குளத்துத் தண்ணீரோ இரணைமடுத் தண்ணீரோ ஒரு போகத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே நாளில் வயலுக்கு வந்தால் என்ன ஆகும்? வரம்பு உடையும், பயிர் அழுகும், அடுத்த மாதம் நிலம் வெடிக்கும். அதனால்தான் முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள். ஓதலுக்கும் அப்படியே முறைவைக்க வேண்டும்.

"நேரம் எங்கே இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. பாடசாலை, ரியூஷன், வீட்டு வேலை எல்லாம் போக, தனியாக ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் ஒரு முஸ்லிம் பெண்பிள்ளையின் நாளில் ஏற்கெனவே ஐந்து ஆணிகள் அடித்திருக்கின்றன. ஐந்து நேரத் தொழுகைக்காக எப்படியும் வேலையை விட்டு எழுகிறோம், வுழூச் செய்கிறோம், முஸல்லாவில் நிற்கிறோம். புதிதாக நேரம் தேடாமல் பயிற்சியை அந்த ஆணிகளில் மாட்டிவிடலாம்.

நான் செய்வது இது. சுபஹ் தொழுததும் முஸல்லாவை மடிக்கும் முன் 10 நிமிடம் புதுப்பாடம். அந்த நேரத்தில் தலை தெளிவாக இருக்கும், வீட்டில் சத்தமும் இருக்காது. அஸர் தொழுததும், ரியூஷனுக்குச் சைக்கிளை எடுக்கும் முன் 5 நிமிடம், முஅல்லிமா திருத்திய இடங்கள் மட்டும். மஃரிபுக்குப் பின் 10 நிமிடம் பழைய பாடம். மொத்தம் ஒரு நாளைக்கு 25 நிமிடம். ஆறு நாளில் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். வகுப்பில் எனக்குக் கிடைக்கும் 4 நிமிடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரம் ஒதுக்கினால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். இதற்கு ஒரு நல்ல சான்று பியானோ பழகுபவர்களிடமிருந்து கிடைத்திருக்கிறது. ஓதல் இபாதத், பியானோ ஒரு கருவி. இரண்டையும் ஒன்றாக வைக்க நான் வரவில்லை. ஆனால் விரல் ஓர் அசைவைப் பழகும் விதமும் நா ஓர் அசைவைப் பழகும் விதமும் பெரிதும் ஒத்தவை. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் டியூக் என்ற பேராசிரியரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் பியானோ பயிலும் 17 மாணவர்களுக்கு ஓர் இசைப் படைப்பின் கடினமான சிறு பகுதியைக் கொடுத்து, விரும்பிய நேரம் பழகச் சொன்னார்கள். மறுநாள் அதை வாசிக்கச் செய்து தரப்படுத்தினார்கள். அந்த ஆய்வு 2009 இல் வெளியானது. கூடுதல் நேரம் பழகியவர்களோ, கூடுதல் தடவை வாசித்தவர்களோ மறுநாள் சிறந்தவர்களாக இருக்கவில்லை. பழகியபோது பிழையாக வாசித்த தடவைகள் யாருக்குக் குறைவோ அவர்களே சிறந்து நின்றார்கள். முன்னணியில் வந்தவர்களும் பிழை விடாதவர்கள் அல்லர். ஆனால் பிழை வந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, அங்கேயே நின்று, வேகத்தைக் குறைத்து, சரிவரும்வரை அந்த இடத்தையே பழகினார்கள்.

ஓதலில் இதன் பொருள் என்ன? ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு சொல் தடுக்கினால், பலர் பக்கத்தின் தலைப்பிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். தெரிந்த வரிகள் இன்னும் நன்றாகத் தெரிந்துவிடும். தடுக்கிய சொல் அப்படியே தடுக்கும். பத்துத் தடவை ஓதினால் பத்துத் தடவையும் அதே இடத்தில் அதே பிழையைப் பழகியவர்களாவோம். நா பிழையையும் அதே ஒழுங்கோடு கற்றுக்கொள்ளும்.

அதனால் எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் இருக்கிறது. முஅல்லிமா திருத்தும் சொல்லுக்கு மேல் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைப்போம். வீட்டில் அந்தப் புள்ளியில் நின்று, முதலில் அந்தச் சொல்லை மட்டும் மெதுவாக மூன்று தடவை ஓதுவோம். பிறகு முன் சொல்லோடும் பின் சொல்லோடும் சேர்த்து ஓதுவோம். பிறகு முழு ஆயத். மூன்று நாள் தொடர்ந்து சரியாக வந்தால் புள்ளியை அழித்துவிடலாம். சனிக்கிழமை வகுப்புக்குப் போகும்போது எத்தனை புள்ளிகள் மீதமிருக்கின்றன என்று பார்த்தால், அந்த வாரப் பயிற்சி எப்படி என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மட்டும் புள்ளிகளைப் பார்ப்பதில்லை. அன்று முழுப் பாடத்தையும் நிறுத்தாமல் ஒருவருக்கு ஓதிக் காட்டுவது. பழகுவது ஒரு வேலை, ஓதிக் காட்டுவது வேறொரு வேலை. தனியே இருக்கும்போது சரியாக வருவது ஒருவர் முன்னால் வராமல் போவதுண்டு. அதை முஅல்லிமாவின் முன் கண்டுபிடிப்பதை விட வீட்டில் தங்கச்சியின் முன் கண்டுபிடிப்பது நல்லது.

கேட்பதும் பயிற்சிதான். எகிப்தைச் சேர்ந்த ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி, குர்ஆன் முழுவதையும் முரத்தல் முறையில் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தவராக அறியப்படுகிறார். 1917 இல் பிறந்து 1980 இல் வஃபாத்தான அவருடைய ஓதல் இன்று எல்லோருடைய கைபேசியிலும் கிடைக்கிறது. நிதானமாகவும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே தெரியும்படியும் ஓதுவதால் படிப்பவர்களுக்கு மிகவும் உதவும். இரண்டு ஆயத்களைக் கேட்டு, கைபேசியை நிறுத்தி, அதே அளவில் ஓதிப் பார்க்கலாம். முடிந்தால் எங்கள் குரலையே பதிவு செய்து கேட்கலாம். தொழாத நாட்களில் என்ன செய்வது என்று தோழியர் கேட்பதுண்டு. அந்த நாட்களில் ஓதுவது பற்றிய சட்டத்தை உங்கள் முஅல்லிமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காது கொடுத்துக் கேட்பதற்கு அந்த நாட்கள் மிகப் பொருத்தமானவை. மாதத்தில் ஒரு வாரம் முழுவதையும் விட்டுவிட்டால், அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது, இன்னும் பின்னாலிருந்தே தொடங்க வேண்டிவரும்.

பழைய பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஹிப்ழ் மத்ரஸாக்களில் பாடத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: இன்றைய புதுப்பாடம், அண்மையில் முடித்த பாடம், பழைய பாடம். பழையதை விட்டுவிட்டுப் புதியதற்குப் போக எந்த உஸ்தாதும் விடமாட்டார். குர்ஆனை மனனமிட்டவரை, கட்டி வைத்த ஒட்டகத்தின் சொந்தக்காரருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்ட ஹதீஸை நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். கவனித்தால் நிற்கும், அவிழ்த்துவிட்டால் போய்விடும். வன்னியில் ஒட்டகம் இல்லை. ஆனால் கட்டாக்காலி மாடுகளைத் தேடி அலைந்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த உவமை உடனே விளங்கும்.

எங்களில் பலர் முப்பதாவது ஜுஸ்உவை மனனம் செய்திருக்கிறோம். அதில் 37 ஸூராக்கள். ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஐந்து அல்லது ஆறு ஸூராக்கள். நீளமானவை வரும் நாளில் குறைத்தும், சிறியவை வரும் நாளில் கூட்டியும் வைத்துக்கொள்ளலாம். அவற்றை சுன்னத்தான தொழுகையில் ஓதினால் தனியாக நேரமும் தேவையில்லை. எப்போதும் இக்லாஸையும் கவ்ஸரையும் மட்டும் ஓதித் தொழுதுவிட்டு, மற்ற ஸூராக்கள் மறந்துவிட்டன என்று கவலைப்படுவதில் பயனில்லை.

தவணைப் பரீட்சைக் காலத்தில் என்ன செய்வது? பல பிள்ளைகள் ஓதலை விட்டுவிடுவது அப்போதுதான். பரீட்சை முடிந்ததும் திரும்ப வருவோம் என்று நினைத்து, வராமலே போனவர்களும் உண்டு. என் கருத்தில் அந்த வாரங்களில் புதுப்பாடம் வேண்டாம். மஃரிபுக்குப் பின் 5 நிமிடம் பழைய பாடம் போதும். அளவு குறையலாம், நாள் தவறக்கூடாது. 25 நிமிடத்தை 5 நிமிடமாகக் குறைத்தவளுக்கு மறுபடி கூட்டுவது இலகு. இல்லாமல் ஆக்கியவளுக்குக் கடினம்.

இதில் நான் இவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் காரணம் என் உம்மும்மா. அவர் பிறந்தது முள்ளியவளை தண்ணீரூற்றில். அந்தக் காலத்து வழக்கப்படி வயதுக்கு வந்ததும் அவருடைய ஓதல் படிப்பு நின்றது. அப்போது அவருக்குப் 12 வயது. அதற்குப் பிறகு அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. ஆனால் படித்த யாஸீனையும் முல்க்கையும் சிறிய ஸூராக்களையும் அவர் ஒரு நாளும் விடவில்லை. சுபஹுக்குப் பின் அடுப்படியிலும் மஃரிபுக்குப் பின் திண்ணையிலும் ஓதிக்கொண்டே இருந்தார்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டுப் போனார்கள். அவர்களில் உம்மும்மாவும் ஒருவர். கைக்கு எட்டிய ஓரிரு பைகளோடு அவர் குடும்பம் புத்தளம் போய்ச் சேர்ந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்த நாளில் எல்லோரும் தவித்தார்கள். உம்மும்மாவின் யாஸீனை யாரும் பொதி கட்ட வேண்டியிருக்கவில்லை. முகாமின் ஓலைக் கொட்டிலில் விளக்கு இல்லாத இரவிலும் அவரால் ஓத முடிந்தது. பக்கத்துக் கொட்டில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, அவர் வாயைப் பார்த்தே ஓதப் பழகினார்கள். என் உம்மாவின் முதல் பாடமும் அங்கேதான்.

உம்மும்மாவுக்குக் கிடைத்த பாடம் சில வருடங்கள்தான். பயிற்சியோ ஐம்பது வருடத்துக்கு மேல். இன்று எங்களுக்கு முஅல்லிமா இருக்கிறார், நூல் இருக்கிறது, ஹுஸரியின் குரல் கைக்குள் இருக்கிறது. பாடம் கூடியிருக்கிறது. பயிற்சி குறைந்திருக்கிறது.

அதனால் பெற்றோரிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, பிள்ளையின் ஓதல் முன்னேறவில்லை என்று தோன்றினால் உடனே இன்னொரு வகுப்பைச் சேர்க்காதீர்கள். இருக்கும் வகுப்பின் பாடம் வீட்டில் எத்தனை நாள் ஓதப்படுகிறது என்று முதலில் பாருங்கள். வாரத்துக்கு மூன்று வகுப்புக்கு அனுப்பி ஒரு நாளும் பழக இடம் கொடுக்காவிட்டால், கட்டணம் கூடுமே தவிர ஓதல் கூடாது. இரண்டு, மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் தொலைக்காட்சியை நிறுத்தி, அவள் ஓதுவதைக் கேளுங்கள். எனக்குத் தஜ்வீத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பிழை திருத்துவது முஅல்லிமாவின் வேலை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நினைவே பிள்ளையை உட்கார வைக்கும். மூன்று, அந்த நேரத்தில் தேநீர் ஊற்றவும் கோப்பை கழுவவும் அவளைக் கூப்பிடாதீர்கள். மகன் படிக்கும்போது நாங்கள் காட்டும் பொறுமை, மகள் ஓதும்போதும் வேண்டும்.

தோழியரே, இன்னும் சில மாதங்களில் எங்களில் சிலர் பல்கலைக்கழகம் போவோம். சிலருக்குத் திருமணம் நடக்கும். சிலர் ஆசிரியர் பயிற்சிக்கோ தொழிலுக்கோ வேறு ஊர் போவோம். எங்கள் முஅல்லிமா எல்லா ஊருக்கும் எங்களோடு வரமாட்டார். சனிக்கிழமை வகுப்பு ஒரு நாள் முடிந்துவிடும். அன்றைக்கும் சுபஹ் இருக்கும், மஃரிப் இருக்கும், முஸல்லா இருக்கும். அந்த முஸல்லாவில் பத்து நிமிடம் கூடுதலாக உட்காரும் பழக்கத்தை இந்த வீட்டில் இருக்கும்போதே உண்டாக்கிக்கொள்வோம். அதற்கு வல்ல அல்லாஹ் எம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.